பக்கவாட்டில் தோண்டும் பாடம்

நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் இப்போது ஒவ்வொரு தவணை முடிவிலும் பெற்றோருக்கு ஓர் அச்சடித்த தாள் அனுப்புகிறார்கள். ‘இந்தத் தவணையில் உங்கள் பிள்ளை கற்றவை’ என்பது அதன் தலைப்பு. கீழே மொழி, கணக்கு, சுகாதாரம், உடற்பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிகள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை வீட்டுக்கு வந்திருந்தபோது அதை எடுத்துக் காட்டினார்.

“ஜப்பான்காரன் காலத்துல இந்த மாதிரி தாள் அனுப்பச் சொல்லியிருந்தா, நீங்க என்னா டீச்சர் எழுதியிருப்பீங்க?” என்று கேட்டுச் சிரித்தார்.

நான் நாலு பேர் எதிரில் பேசத் தயங்குகிறவள். ஒருவர் எதிரிலும் அப்படித்தான். தேநீர் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, எழுதினால் என்ன என்று தோன்றியது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏழாம் வகுப்பு முடித்ததும் படித்த பள்ளியிலேயே மாணவ ஆசிரியையாகச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் மலாக்கா டவுனில் பயிற்சி வகுப்பு. அது முடிவதற்குள் சண்டை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு ஜப்பானியர் பள்ளிகளைத் திறக்கச் சொன்னபோது, ஆசிரியர்களுக்கு மாலை நேரத்தில் ஜப்பான் மொழி சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்து, எண், உடற்பயிற்சிக் கட்டளைகள், இரண்டு பாட்டு. இவ்வளவுதான் என் தயாரிப்பு.

பள்ளிக்கூடம் காஜா பேராங்கில் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவு சுவர், உள்ளே ஒரே கூடம். நான்கு வகுப்புகளும் அதற்குள்ளேதான். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாக்கா செட்டிகள் இருந்தார்கள். அவர்கள் கும்பிடுவது நம் சாமியை, வீட்டில் பேசுவது மலாய். அவர்களுடைய பிள்ளைகள் முன்பு ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர்கள். அது மூடிக் கிடந்ததால் சிலர் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். தமிழ் வகுப்பில் அவர்கள் விழிப்பார்கள். ஜப்பான் மொழி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக விழிப்பார்கள். சொல்லிக் கொடுத்த எனக்கும் அது பாதிதான் தெரியும்.

கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது. காலை மணி அடிக்கும்போது வெளியே விடிந்தும் விடியாமலும் இருக்கும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தோக்கியோவில் இருக்கும் சக்கரவர்த்தியை நோக்கிக் கிழக்கே திரும்பி வணங்கச் சொல்ல வேண்டும். அவர்கள் குனிந்து நிமிரும்போது மரங்களுக்கு மேலே சூரியன் வந்திருக்கும். வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஒரு தாய், “பரவால்லியே, ஜப்பான்காரன் பிள்ளைங்களுக்குச் சூரிய நமஸ்காரம் சொல்லிக் குடுக்கிறானே” என்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

நான் எழுதப்போவது ஒரு நடுத் தவணையைப் பற்றி. மழை விட்டு வெயில் அடித்த மாதங்கள். அந்தத் தவணையில் பிள்ளைகள் ஜப்பான் எழுத்துகளில் பாதியும், நூறு வரை எண்ணவும், கட்டளைக்கு ஏற்பக் கை கால் வீசவும், தென்னை நாரில் கயிறு திரிக்கவும் கற்றார்கள். தமிழ்ப் பாடம் வாரத்தில் சில மணி நேரம் இருந்தது. மற்ற நேரமெல்லாம் தோட்டம்.

தோட்டம் என்றால் மரவள்ளி. விளையாட்டுத் திடல் முழுவதையும் கொத்தி, போன மழைக் காலத்தில் நட்டிருந்தோம். எங்கள் பெரிய வாத்தியாரின் நடவு முறை கண்டிப்பானது. குச்சி ஒரு சாண். கணு மேல் நோக்கி இருக்க வேண்டும். சாய்த்து நட வேண்டும். ஒரு செடிக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. ஒன்று தமிழ்ப் பிள்ளை, மற்றது செட்டிப் பிள்ளை. “செடிய வச்சாவது ஒண்ணோட ஒண்ணு பேசட்டும்” என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். ஒட்டுப் போட்ட வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வருவார். பிள்ளைகள் எதிரில் எந்த ஆசிரியரையும் கண்டித்ததில்லை. சொல்ல வேண்டியதைக் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே சொல்வார். அவரிடம் ஒரு பழக்கம். கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க மாட்டார். பக்கவாட்டில் திரும்பி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வரும் வரை அவசரப்படுத்த மாட்டார். என்னைப் போன்றவளுக்கு அது பெரிய உதவி. எத்தனையோ தலைமையாசிரியர்களிடம் பிறகு வேலை பார்த்தேன். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை.

தவணை ஆரம்பத்தில் ஓர் உத்தரவு வந்தது. தவணை முடிவில் மரவள்ளி முழுவதையும் கல்வி அதிகாரி முன்னிலையில் பிடுங்கி ஒப்படைக்க வேண்டும். விளைச்சல் சரியில்லை என்றால் பள்ளியை மூடிக் கூடத்தைச் சரக்குக் கிடங்காக எடுத்துக்கொள்வார்கள். பள்ளி திறந்திருக்கும் வரைதான் மதியக் கஞ்சிக்கு அரிசி கிடைக்கும். அந்தக் கஞ்சி தண்ணீராகத்தான் இருக்கும். ஆனாலும் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. படிப்பு போகிறதே என்று நாங்கள் கவலைப்பட்டதாகச் சொன்னால் அது பொய். கஞ்சிப் பானை போய்விடுமே என்றுதான் கவலைப்பட்டோம்.

தவணையின் நடுவில் ஒரு மதியம், பிள்ளைகள் போன பிறகு, செடிகளுக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. மீனாச்சி. செட்டி கம்பத்துப் பெண், பத்து வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முழங்கை வரை மண்.

“என்ன செய்றே?” என்று மலாயில் கேட்டேன்.

“தண்ணி ஊத்துறேன், சிக்கு” என்றாள். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். அவள் பேசியது முழுவதும் மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“வாளி எங்கே?”

அவள் தரையைப் பார்த்தாள். நான் குனிந்து செடியின் அடியைத் தொட்டேன். ஒரு பக்கம் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. கையை உள்ளே விட்டேன். கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய கட்டை மட்டும் இருந்தது. வெட்டிய முகம் வழவழப்பாக ஆறியிருந்தது. செடியோ என் தலைக்கு மேலே பச்சையாக நின்றது. பக்கத்துச் செடியைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

அது சாதாரணக் களவு இல்லை. அந்த நாட்களில் அரசாங்கச் சரக்கில் கை வைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது டவுனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் அவளைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். பெரிய வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எப்போதும் போல வேலியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு மீனாச்சியிடம் மலாயில் பேசினார்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“அம்மா. வீட்டுக்குப் பின்னால எப்பவும் அப்படித்தான் எடுப்போம். சத்து அம்பே, சத்து திங்கால்.” ஒன்றை எடு, ஒன்றை விடு என்று பொருள்.

“எதுக்கு எடுத்தே?”

“தம்பி பொறந்திருக்கான். அம்மாவுக்குப் பால் வரல.”

“வேற யாரு எடுத்தாங்க?”

“எல்லாரும்.”

“எல்லாருமா? எங்க கண்ணுக்கு எப்படித் தெரியாம போச்சு?”

“உச்சி இலை ஆடக் கூடாது. ஒருத்தர் எடுக்கும்போது மத்தவங்க மேலே பாத்துக்கிட்டு இருப்போம். இலை ஆடினா தோத்தாச்சு. அடுத்த நாள் எடுக்கக் கூடாது.”

ஜோடி ஜோடியாக விட்டதன் பலன் இது. செட்டிப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாகப் புரியாத பிள்ளைகள், இதை ஒரு வார்த்தை பிசகாமல் புரிந்துகொண்டிருந்தார்கள்.

பெரிய வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நீங்க இதை இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்குங்க. அப்புறம் எனக்குச் சொல்லிக் குடுங்க.”

கற்றுக்கொண்டேன். முதலில் செடியைச் சுற்றி மண் எங்கே வெடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெடிப்புக்குக் கீழேதான் பெரிய கிழங்கு. தண்டுக்கு அருகில் தொடக் கூடாது. இரண்டு கை தள்ளி, தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். கிழங்கு தட்டுப்பட்டதும் சிரட்டையை வைத்துவிட்டு விரலால் தடவிக் கழுத்து வரை போக வேண்டும். வேறு கிழங்கோடு பின்னியிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். கழுத்தில் விரல் அகலம் விட்டு மூங்கில் பத்தையால் அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் சாம்பல் தடவ வேண்டும். மண்ணைத் தள்ளி, குதிகாலால் மெதுவாக மிதிக்க வேண்டும். மிச்சக் கிழங்குகள் பிறகு பெருக்கும்.

பெரிய வாத்தியாருக்கு இது கடைசி வரை வரவில்லை. அவர் கை வைத்தால் கிழங்கு பாதியில் முறியும், அல்லது செடி ஆடும். பிள்ளைகள், “ஐயா தோத்தாச்சு! ஐயா தோத்தாச்சு!” என்று கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்வார்.

அவர் போட்ட ஏற்பாடு இதுதான். இனித் தனியாக யாரும் எடுக்கக் கூடாது. தோட்டப் பாட நேரத்தில், ஆசிரியர் எதிரில், முறை வைத்து எடுக்க வேண்டும். எடுப்பது மதியக் கஞ்சிப் பானைக்குப் போகும். கஞ்சி கெட்டியானது. மீனாச்சி தன் பங்கில் பாதியைப் பால் டின்னில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு போவாள். அப்போதெல்லாம் பெரிய வாத்தியார் பக்கவாட்டில் திரும்பி வேலியைப் பார்ப்பார்.

வெட்டில் அடுப்புச் சாம்பல்தான் தடவ வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் ஓர் இடத்தில் நடக்கவில்லை. மீனாச்சியின் ஜோடி காளிமுத்து என்ற பையன். மற்றவர்கள் அடுப்புச் சாம்பல் தடவினார்கள். இவன் வீட்டிலிருந்து திருநீறு கொண்டு வந்து பூசுவான்.

“ஏன்டா, அடுப்புச் சாம்பல் இருக்கே?”

“புண்ணுக்கு யாராச்சும் அடுப்புச் சாம்பல் பூசுவாங்களா டீச்சர்? எனக்குக் காய்ச்சல்னா எங்கம்மா திருநீறுதான் பூசும்.”

“இது செடிடா.”

“செடின்னா வலிக்காதா?”

அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது. விட்டுவிட்டேன்.

தவணை முடிவில் ஜப்பானியக் கல்வி அதிகாரி வந்தார். முகம் வெயிலில் கறுத்த, கை தடித்த மனிதர். லாரியில் அவரோடு ஒரு தமிழ்க் கிராணி வந்தார். ஜப்பான் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தவர். மொழிபெயர்ப்பதும் அவர்தான். பிள்ளைகள் வணங்கினார்கள், கை கால் வீசினார்கள், பாடினார்கள், நூறு வரை எண்ணினார்கள். அதிகாரி தலையசைத்தார். பிறகு எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம்.

பிள்ளைகள் அவரவர் செடியருகே நின்று, மண்ணை இளக்கிப் பிடுங்கி, குவியலில் சேர்க்க வேண்டும். ஒரு வரிசையைத் தவிர மற்றவற்றைப் பிடுங்கியாயிற்று. குவியல் பார்வைக்கு மோசமில்லை. எடுத்தது போக மிஞ்சியவை நன்றாகவே பருத்திருந்தன. அதிகாரி குவியலைச் சுற்றி வந்தார். காளிமுத்துவின் செடி அடித்தண்டோடு மேலே கிடந்தது. அதில் ஒரு கட்டையின் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் அதை எடுத்துக் கிராணியிடம் காட்டி ஏதோ கேட்டார்.

கிராணி ஒரு கணம் பார்த்தார். அவருக்குத் திருநீறு தெரியாமல் இருக்குமா? சட்டென்று ஜப்பான் மொழியில் பதில் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில், பிள்ளைகள் நல்ல விளைச்சல் வேண்டிச் செடிக்குச் சாமி கும்பிட்டிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதிகாரி சிரித்தார்.

ஆனால் அவர் கட்டையைக் கீழே போடவில்லை. பெருவிரலால் வெள்ளையைத் தேய்த்தார். அடியில் ஆறிய வெட்டு தெரிந்தது. அடுத்த செடியை எடுத்துப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கிராணியின் குரல் மாறியிருந்தது. “யார் திருடினதுன்னு கேக்கறாரு.”

அத்தனை பிள்ளைகளின் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. இந்த வித்தையைக் கொண்டு வந்தவள் அவள்தானே என்று பார்த்தார்களே தவிர, காட்டிக் கொடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. மீனாச்சி வரிசையின் கடைசியில் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அதிகாரியும் அந்தப் பக்கம் பார்ப்பார்.

பெரிய வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். “திருட்டு இல்லைன்னு சொல்லுங்க. இது பாடம். செடி சாகாம கிழங்கு எடுக்குற பாடம். எடுத்ததெல்லாம் கஞ்சிப் பானைக்குப் போச்சு.”

கிராணி தயங்கினார். “ஐயா, யோசிச்சுப் பேசுங்க. நான் ஏதோ சொல்லி வச்சிருக்கேன்...”

“அப்படியே சொல்லுங்க.”

கிராணி சொன்னார். அதிகாரி அருகில் வந்து பெரிய வாத்தியாரைக் கன்னத்தில் அறைந்தார். மூக்குக் கண்ணாடி மண்ணில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிள்ளைகளில் சிறியவர்கள் அழத் தொடங்கினார்கள்.

“யாருடைய பாடம்னு கேக்கறாரு.”

“என் பள்ளிக்கூடம். என் பாடம்.”

“அப்படின்னா செஞ்சு காட்டச் சொல்றாரு.” மிச்சமிருந்த வரிசையைக் கிராணி கை காட்டினார்.

பெரிய வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வரிசைக்குப் போனார். அவர் கை எப்படிப்பட்டது என்பது அங்கிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கிழங்கு முறிந்தால் பாடம் என்பது பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு பள்ளியும் இல்லை, பானையும் இல்லை. அவரையும் அந்தப் பெண்ணையும் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

“நான் காட்டறேன்” என்றேன்.

கிராணிக்குக் கேட்கவில்லை. “என்னாம்மா?”

“இவங்க வகுப்புக்கு நான்தான் டீச்சர். சொல்லிக் குடுத்தது நான். நான் காட்டறேன்.”

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். முதல் முறையாக நேராக. பிறகு விலகி நின்றார்.

நான் மண்டியிட்டேன். வெடிப்பு இருந்த பக்கத்தைப் பார்த்துச் சிரட்டையைப் போட்டேன். அதிகாரியின் பூட்ஸ் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால் நேரம் எடுத்தது. கிழங்கு தட்டுப்பட்டது. கழுத்தைத் தடவினேன். பின்னல் இல்லை. மூங்கில் பத்தையை உள்ளே விட்டு அறுக்கும்போது, சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாததைக் கவனித்தேன். அழுத பிள்ளைகளும் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் தலையை உயர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு அவரும் மேலே பார்த்தார். கிராணியும் பார்த்தார். உச்சி இலைகள் வெயிலில் அசையாமல் இருந்தன. கிழங்கு என் கையோடு வந்தது.

“ஜெயிச்சாச்சு” என்று யாரோ ஒரு சிறுவன் முணுமுணுத்தான். காளிமுத்துவாகத்தான் இருக்க வேண்டும்.

சாம்பல் தடவி, மண்ணைத் தள்ளி மிதித்தேன். அதிகாரி உட்கார்ந்து அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். மண்ணைத் தொட்டுப் பழகிய கை என்று தெரிந்தது. கிழங்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு எழுந்து, கிராணியிடம் நீளமாகப் பேசினார். கடைசி வரிசையைப் பிடுங்கச் சொல்லவில்லை. லாரியில் குவியலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளி மூடப்படவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பது பிறகு வந்த உத்தரவில் தெரிந்தது. இந்த முறை நல்ல முறை. எல்லாப் பள்ளித் தோட்டங்களிலும் இனிப் பக்கவாட்டில் தோண்ட வேண்டும். கிழங்கு பருத்ததும் முதலில் எடுப்பதை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதை வாங்கிப் போகத் தவணை நடுவில் லாரி வரும். பெரிய வாத்தியார் உத்தரவைப் படித்துக் காட்டிவிட்டு வெகுநேரம் கை கழுவினார். பானைக்குப் போனது இனி லாரிக்குப் போகும். எந்தச் செடியில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இப்போது அவர்களுக்கும் தெரியும்.

மீனாச்சியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

“அப்ப லாரிக்கு முன்னாலயே எடுக்கணும், சிக்கு. விரல் தடிமன்ல இருக்கும்போதே. ஒரு செடிக்கு ஒண்ணு. அதை யாரும் எண்ண மாட்டாங்க. மிச்சம் லாரி வர்றதுக்குள்ள பெருத்துடும்.”

பிடுங்கிய இடத்தில் மறுபடி குச்சி நட்டோம். அடுத்த தவணை எங்கள் பானை அப்படித்தான் நிறைந்தது. முன்பு போலக் கெட்டியாக இல்லை. வெறும் தண்ணீராகவும் இல்லை. சண்டை முடிந்து ஆங்கிலப் பள்ளி திறந்ததும் செட்டிப் பிள்ளைகள் அங்கே திரும்பிப் போனார்கள். மீனாச்சியும்தான். அவள் தம்பி அப்போது நடக்கத் தொடங்கியிருந்தான்.

அதற்கு முன், உத்தரவு வந்த கையோடு, அந்த முறையை மற்றப் பள்ளிகளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரையாவது அனுப்ப வேண்டும் என்றபோது, பெரிய வாத்தியார் தனக்கு அது வராது என்று உண்மையைச் சொல்லி என் பெயரைக் கொடுத்தார். செமாபோக்குக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் இன்னும் சில இடங்களுக்கும் போனேன். கிராணி என்னோடு வருவார். ஆசிரியர்கள் எதிரில் உத்தரவில் இருப்பதை மட்டும் செய்து காட்டுவேன். பிறகு கிராணி, “நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வரேம்மா. அவசரமில்ல, நீங்க சொல்லிக் குடுத்து முடிங்க” என்று வெளியே போய்விடுவார். ஒவ்வோர் இடத்திலும் அப்படியே செய்தார். நானும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை, அவரும் என்னிடம் பேசியதில்லை.

அவர் போன பிறகு பிள்ளைகளைச் செடிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, லாரிக்கு முன்னால் எடுப்பது எப்படி என்று காட்டுவேன். அந்த வேளையில் மட்டும் என் குரல் தயங்காமல் வரும், எனக்கே நன்றாகக் கேட்கும்.

புக்கிட் ரம்பாயில் ஒரு பையன், எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், கையைத் தூக்கினான்.

“டீச்சர், அதிகாரி வந்தா இதைக் கேள்வி கேப்பாரா?”

“கேக்க மாட்டாருடா” என்றேன். “நல்லா கத்துக்க.”